ஏற்ற 10 யூனிட், இறக்கினால் 8 யூனிட்: நீரேற்று மின் நிலையம் வீண் செலவா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மலைமேல் ஒரு ஏரி, அடிவாரத்தில் ஒரு ஏரி கட்டுகிறார்கள். கரண்ட் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள், பிறகு அதே தண்ணீரைக் கீழே விட்டு கரண்ட் எடுக்கிறார்கள். ஏற்ற 10 யூனிட் ஆனால் இறங்கும்போது 8 யூனிட் கிடைப்பதே பெரிது. இது மக்கள் பணத்தை வீணாக்குவதுதானே, ஆற்றில் அணை கட்டி நேராக எடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கிறீர்கள். உங்கள் கணக்கில் தப்பே இல்லை. 10 போட்டால் ஏழரை, எட்டு வரும், அவ்வளவுதான். நான் 27 வருடம் மலையில் உள்ள நீர்மின் நிலையங்களில் ஆபரேஷன் பக்கம் ஷிஃப்ட் பார்த்தவன், அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். நஷ்டம் உண்மை. ஆனால் அந்த நஷ்டத்தைக் கொடுத்து என்ன வாங்குகிறோம் என்பதைப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும்.

முதலில் ஏரித் தண்ணீர் எப்படி கரண்ட் ஆகிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டி இருக்கும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரம் என்று வையுங்கள். அந்தத் தொட்டி முழுவதையும் கீழே ஒரு சின்ன டர்பைனில் விட்டால் எவ்வளவு வரும்? வழியில் போகும் இழப்பைக் கழித்துவிட்டால் 0.02 யூனிட். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு மணி நேரம் எரியும், முடிந்தது. ஒரு யூனிட் வேண்டும் என்றால் ஐம்பது தொட்டித் தண்ணீர் வேண்டும். "வீட்டுத் தொட்டியிலேயே டர்பைன் மாட்டலாமா" என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை, எல்லாருக்கும் நான் சொல்லும் கணக்கு இதுதான். இப்போது அதே 1000 லிட்டரை 380 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். ஏறத்தாழ 0.9 யூனிட் வரும். தண்ணீர் அதே தண்ணீர், உயரம் மட்டும்தான் மாறியது. நீர்மின்சாரத்தில் இரண்டே எண்தான் முக்கியம், விநாடிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம். உயரத்தை நாங்கள் ஹெட் என்போம். ஹெட் பாதியானால் அதே கரண்டுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும்.

இதை வைத்து மேட்டூரைப் பாருங்கள். 1934-இல் முடிந்த அணை, 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). கடல் மாதிரி தெரியும். ஆனால் அங்கே அணை மின் நிலையம் 50 மெகாவாட் (ஒரு மெகாவாட் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் 1000 யூனிட்), சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட், மொத்தம் 250 மெகாவாட்தான். காரணம் 120 அடி என்பது 37 மீட்டருக்கும் குறைவு. அணை நிரம்பியிருக்கும்போது ஒரு டி.எம்.சி. தண்ணீரை விட்டால் சுமார் 25 லட்சம் யூனிட் வரும். அதே ஒரு டி.எம்.சி. 380 மீட்டர் இறங்கினால் இரண்டரைக் கோடி யூனிட்டைத் தாண்டும். இதனால் மேட்டூர் மட்டம் என்று சொல்லவில்லை. அது டெல்டாவுக்காகக் கட்டிய அணை, கரண்ட் கூடவே கிடைக்கும் லாபம். ஜூன் 12 தண்ணீர் திறந்தால் மெஷின் ஓடும், ஜனவரி 28 மூடினால் பெரும்பாலும் நிற்கும். சாயங்காலம் ஊரெல்லாம் கரண்ட் கேட்கிறதே என்று காவிரியைத் திறந்துவிட முடியாது. தண்ணீர் யாருக்கு, எப்போது என்பதைப் பாசனம் முடிவு செய்கிறது. நேராக ஆற்றில் எடுக்கலாமே என்று கேட்டீர்களே, எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை கதவணையாக, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட், விட்ட தண்ணீரையே திரும்பத் திரும்பப் பிடித்து எடுக்கிறோம். நீலகிரியில் குந்தா தண்ணீரும் அப்படித்தான், அவலாஞ்சி, எமரால்டில் தொடங்கி பில்லூர் வருவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பவர் ஹவுஸ் பார்த்துவிடும். பைக்காரா 1932-லேயே வந்துவிட்டது. நல்ல ஹெட் உள்ள இடங்களைப் பெரும்பாலும் நம் முன்னோர் எடுத்து முடித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், கிராமத்துப் பக்கம் இன்னும் கேட்கிறார்கள். கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடுமா? போகாது. டர்பைன் எடுப்பது தண்ணீர் விழும் வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும். பாறையில் மோதி அருவியாகச் சிதறினால் வீணாகப் போகும் சக்தி அது. உப்பு, வண்டல், பயிருக்கு வேண்டியது எதையும் டர்பைன் தொடாது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட நீரேற்று நிலையத்துக்கு வருவோம். நம் பக்கத்து உதாரணம் காடம்பாறை. ஆனைமலையில், வால்பாறை போகும் மலைக்குள் இருக்கிறது. 100 மெகாவாட் மெஷின் நான்கு, 1987-க்கும் 1989-க்கும் இடையில் ஓட ஆரம்பித்தவை. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவில் மலையைக் குடைந்து குகைக்குள் பவர் ஹவுஸ். ஹெட் நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும், தோராயமாக 380 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், மேலே நான் சொன்ன கணக்கும் அந்த எண்ணை வைத்துத்தான். ஒரு மெஷின் முழு லோடில் ஓடினால் விநாடிக்கு 30 கன மீட்டர் தண்ணீர் அதற்குள் போகும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள், விநாடிக்கு இரண்டரை லாரி. நான்கும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4.3 லட்சம் கன மீட்டர் கீழே இறங்கியிருக்கும், 4 லட்சம் யூனிட் கிடைத்திருக்கும். அந்தத் தண்ணீர் போய்விடவில்லை, மேல் ஆழியாறில் நிற்கிறது. மறுபடி ஏற்றலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று, ஏற்றுவதற்குத் தனி பம்பு, இறக்குவதற்குத் தனி டர்பைன் என்று இங்கே இல்லை. ஒரே மெஷின்தான். ஒரு பக்கம் சுற்றினால் டர்பைன், எதிர்ப்பக்கம் சுற்றினால் பம்பு. அதோடு ஒரே ஷாஃப்ட்டில் இருக்கும் ஜெனரேட்டர் அப்போது மோட்டார் ஆகிவிடும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஓட்டுவது சுலபம் இல்லை. ஜெனரேட்டராக ஓட்டும்போது வால்வைத் திறந்தால் தண்ணீரே சுற்றி விட்டுவிடும். பம்பாக ஓட்டும்போது 380 மீட்டர் தண்ணீர்த் தூண் தலைமேல் நிற்க, 100 மெகாவாட் மோட்டாரை நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். அப்படியே கரண்டைக் கொடுத்தால் கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின் வலை) ஒரு குலுங்கு குலுங்கும், மெஷினும் தாங்காது. அதனால் முதலில் அழுத்திய காற்றை உள்ளே விட்டு, ரன்னரைச் (தகடுகள் வைத்த சுழல் சக்கரம்) சுற்றியுள்ள தண்ணீரைக் கீழே தள்ளிவிடுவார்கள். ரன்னர் காற்றில் சும்மா சுற்றும். பக்கத்து மெஷினை ஜெனரேட்டராக ஓட்டி அதன் கரண்டில் இதை மெல்ல வேகமெடுக்க வைப்பது ஒரு முறை, அதற்கென்றே தனி ஸ்டார்ட்டிங் கருவி வைப்பது இன்னொரு முறை. சரியான வேகம் வந்ததும் கிரிட்டோடு சேர்ப்பார்கள். அப்புறம்தான் காற்றை வெளியே விட்டு தண்ணீரை ரன்னருக்கு ஏற விடுவார்கள். அந்த நேரம் இருக்கிறதே, அதை நேரில் பார்த்தால் மறக்காது. பயிற்சிக்காக ஒரு நீரேற்று நிலையத்துக்குப் போயிருந்தபோது முதல்முறை பார்த்தேன். அதுவரை விசில் மாதிரி மெல்லியதாகக் கேட்ட சத்தம் திடீரென்று அடிவயிற்றில் உணரும் உறுமலாக மாறியது, மேஜைமேல் இருந்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது, மீட்டரில் முள் சட்டென்று ஏறி நின்றது. பக்கத்தில் நின்ற சீனியர் "தண்ணியைப் பிடிச்சுட்டா" என்றார், மெஷினைப் பெண்ணாகத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

மெஷினை ஏன் இவ்வளவு ஆழத்தில் குகைக்குள் வைக்கிறார்கள் என்பதற்கும் அது பம்பாகவும் ஓடுவதுதான் காரணம். பம்பின் உறிஞ்சு பக்கம் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் அங்கேயே நீராவிக் குமிழ்களாகிவிடும், அந்தக் குமிழ்கள் ரன்னர் தகட்டில் வெடித்து வெடித்து எஃகையே சொத்தைப் பல் மாதிரி அரித்துவிடும். கீழ் ஏரியின் நீர்மட்டத்துக்கும் பல மீட்டர் அடியில் மெஷினை வைத்தால் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு உள்ளே வரும், குமிழ் உண்டாகாது. அந்த ஆழத்தில் கட்டடம் கட்டுவதைவிடப் பாறையைக் குடைவது மேல் என்பதால்தான் குகை.

இப்போது நஷ்டக் கணக்கு. ஏற்றும்போது மோட்டாரில் கொஞ்சம், பம்பில் கொஞ்சம், குழாய் உராய்வில் கொஞ்சம், இறக்கும்போது அதே வரிசை மறுபடி, எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 20 முதல் 25 வரை போய்விடும். இதைத் தடுக்க வழியில்லை, இயற்கை விதி. ஆனால் நெல் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அறுவடை நாளில் களத்துமேட்டிலேயே விற்றால் மூட்டைக்கு வரும் விலை ஒன்று, குதிரில் போட்டு வைத்து ஐப்பசியில் விற்றால் வரும் விலை வேறு. குதிரில் எலி தின்றது, பூச்சி அரித்தது போக பத்து மூட்டை எட்டாகத்தான் வரும். அதற்காகக் குதிர் கட்டியவரை யாரும் ஏமாளி என்று சொல்வதில்லை. கரண்டில் இந்த வித்தியாசம் இன்னும் கடுமையானது, ஏனென்றால் கம்பியில் வரும் கரண்டை அப்படியே அள்ளி வைக்க முடியாது. உண்டாகும் அந்த விநாடியே யாராவது செலவழித்தாக வேண்டும். உற்பத்தி கூடினால் கிரிட்டின் ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற எண், 50-க்கு மேல் போகும், குறைந்தால் கீழே வரும். நம் நாட்டில் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைப் பாருங்கள், முள்முனையில் நடப்பது மாதிரி.

காடம்பாறை வந்த காலத்தில் பிரச்சினை இரவு. அனல் மின் நிலையத்தின் கொதிகலனை ராத்திரி அணைத்துக் காலையில் மூட்ட முடியாது, அணு உலையும் அப்படித்தான். ஊர் தூங்கும்போது மிஞ்சும் கரண்டை வைத்துத் தண்ணீரை ஏற்றி, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் இறக்குவது என்பதுதான் யோசனை. இன்று கதை மாறிவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் நேரம் காலம் பார்க்காமல் சுற்றும், நம் மாநிலத்தில் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல். பகல் 11 மணிக்கு மேல் சோலார் கொட்டும். ஆறரை மணிக்கு சோலார் பூஜ்ஜியம், அதே நேரம் ஊரெல்லாம் விளக்கு, மிக்ஸி, ஏ.சி. தேவைக்கு மேல் காற்று அடித்தால் காற்றாலையை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுத்திய காற்றாலையின் நஷ்டம் நூற்றுக்கு நூறு. அதை எடுத்துப் பம்பு செய்தால் நஷ்டம் நூற்றுக்கு இருபத்தைந்து. எது வீண்? பணமாகவும் ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம், எண்கள் என் கற்பனை: மிஞ்சும் நேரத்தில் யூனிட் 3 ரூபாய்க்குப் பத்து வாங்கினால் 30 ரூபாய், பற்றாக்குறை நேரத்தில் 8 ரூபாய்க்கு ஏழரை விற்றால் 60 ரூபாய். இந்த விலை வித்தியாசம் சுருங்கினால் திட்டம் படுத்துவிடும் என்பதும் இதே கணக்கில் தெரியும், அதை மறைக்கக் கூடாது.

யூனிட் கணக்கில் வராத உதவி ஒன்றும் இருக்கிறது, வேகம். நிலக்கரி யூனிட்டை குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்ப பல மணி நேரம் ஆகும். நீர் மெஷின் சில நிமிடத்தில் முழு லோடு தரும். பிரிட்டனில் வேல்ஸ் மலைக்குள், பழைய சிலேட் கல் குவாரி இருந்த இடத்தில் 1984-இல் திறந்த டினோர்விக் என்ற நிலையம் இருக்கிறது, 1728 மெகாவாட். காற்றில் சுற்ற வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தால் 12 விநாடியில் 1320 மெகாவாட் கொடுத்துவிடும். டி.வி.யில் எல்லாரும் பார்க்கும் நிகழ்ச்சி முடிந்ததும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் டீ கெட்டிலைப் போடுவார்கள், அந்த ஏற்றத்தை அது தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, ஒரு வட்டாரமே இருண்டுவிட்டால் வெளியிலிருந்து கரண்ட் வாங்காமல் தானே எழுந்து நிற்கக்கூடியவை பெரும்பாலும் நீர்மின் நிலையங்கள்தான். அனல் நிலையத்தின் பம்பு, காற்றாடி எல்லாம் ஓட நாங்கள்தான் முதல் கரண்ட் அனுப்ப வேண்டும். பவர் ஹவுஸில் டார்ச் வெளிச்சத்தில், பேட்டரியையும் காற்றழுத்தத்தையும் நம்பி ஒரு மெஷினைக் கிளப்பிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மேல் ஏரியில் நிரம்பியதற்கு மேல் பம்பு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் டாம் சாக் சாட்சி. 2005 டிசம்பர் 14 விடியற்காலையில் அங்கே நீர்மட்டம் காட்டும் சென்சார்கள் பிடிமானம் விட்டு நகர்ந்திருந்தன, உண்மையைவிடக் குறைவாகக் காட்டின, பம்பு நிற்கவில்லை. தண்ணீர் கரை மீறி, கரையே உடைந்து, மலைச்சரிவில் காட்டையும் மண்ணையும் வழித்துக்கொண்டு போனது. கீழே குடியிருந்த ஒரு குடும்பம் அடித்துச் செல்லப்பட்டும் உயிர் பிழைத்தது, யாரும் சாகவில்லை. ஆற்று அணையில் நீர்மட்டம் மெதுவாக ஏறும், மதகைத் திறக்க நேரம் இருக்கும். இங்கே ஏரியை நிரப்புவதே நம் மெஷின்தான், அதனால் மட்டம் காட்டும் கருவி ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. அடுத்து, மெஷின் இருந்தும் பம்பு செய்ய முடியாத நிலையங்கள் நம் நாட்டில் உண்டு. நாகார்ஜுனசாகரில் இருவழி மெஷின்களை 1980களிலேயே வைத்துவிட்டார்கள், ஆனால் இறங்கிய தண்ணீரைப் பிடித்து வைக்கும் கீழ் அணை பல வருடம் முடியாமல் கிடந்ததால் அவை வெறும் ஜெனரேட்டராகவே ஓடின. அப்புறம் சேறு. நீலகிரியில் மலைச்சரிவைக் கொத்திக் காய்கறி போட்டதில் இறங்கும் மண் குந்தா அணையை எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அந்தப் பக்கம் வேலை பார்த்த எவரும் சொல்வார். ஏரி சுருங்குகிறது, மண்ணோடு வரும் தண்ணீர் ரன்னரை உப்புத்தாள் போல் தேய்க்கிறது.

இதுவரை சொன்னது உறுதியாகத் தெரிந்தவை. இனி வருவதில் அறிந்தவர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. பேட்டரியா, நீரேற்றா? லித்தியம் பேட்டரியில் இழப்பு இதைவிடக் குறைவு, விலையும் வேகமாக இறங்குகிறது, காடு வேண்டாம், மலை வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். காடம்பாறை 35 வருடத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு மணி, நான்கு மணி நேரத்துக்கு பேட்டரி, அதற்கு மேல் எட்டு மணி, பத்து மணி என்றால் ஏரி என்பது என் கருத்து, இந்த எல்லைக்கோடு வருடாவருடம் நகர்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு வாதம் மீத்தேன். மரம் செடியோடு மூழ்கடித்த ஏரியின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வரும், அது நிச்சயம். எவ்வளவு என்பது ஏரிக்கு ஏரி வெகுவாக வேறுபடுகிறது. வெப்பமான, ஆழமில்லாத, காட்டை மூழ்கடித்த ஏரியில் கூடும். ஒரு எண்ணைச் சொல்லி எல்லா அணையையும் குற்றவாளி ஆக்குவதும், நீர்மின்சாரம் பரிசுத்தம் என்பதும் இரண்டுமே சரியில்லை. காடு மூழ்குவது, அங்கே காலங்காலமாக இருக்கும் பழங்குடியினர் இடம் பெயர்வது, தினம் பல மீட்டர் ஏறி இறங்கும் நீர்மட்டத்தால் கரையில் மீனும் புல்லும் நிலைக்காதது, இவை எந்த யூனிட் கணக்கிலும் ஏறாத செலவுகள். நான் மெஷின் ஆள், காட்டைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் மலையில் வேலை பார்த்த காலம் முழுக்கக் காலையில் இருவாச்சிச் சிறகுச் சத்தம் கேட்டு எழுந்தவன், அதை இழப்பது என்ன என்று தெரியும்.

அதனால்தான் புது அணை கட்டாமல், ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஏரிகளை இணைக்கும் திட்டங்கள் எனக்குப் பிடிக்கும். குந்தாவில் வரும் 500 மெகாவாட் திட்டம் அந்த வகை, மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி எமரால்டு, இரண்டும் எப்போதோ கட்டியவை. நடுவில் சுரங்கமும் குகையும்தான் புதிது. உங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றில் திட்டம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் இவற்றைப் பாருங்கள். இரண்டு ஏரிக்கும் நடுவில் உயரம் எத்தனை மீட்டர், கிடைமட்டத் தூரம் எவ்வளவு. தூரம் உயரத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் போனால் சுரங்கச் செலவு கழுத்தை நெரிக்கும். முதல்முறை ஏரியை நிரப்பவும், கோடையில் ஆவியாவதை ஈடுகட்டவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது யாருடைய பாசனப் பங்கு. மூழ்கும் நிலத்தில் எத்தனை ஏக்கர் காடு, எத்தனை பட்டா. இந்த எண்களை இங்கேயே எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.